செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா: ஹாட்பாக்ஸோடு போங்கள்

சிங்கப்பூரின் காம்பாஸ் அவென்யூ ஓரத்தில் இருக்கும் இந்தப் பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 7 வரை திறந்திருக்கும். குளிக்கலாம் என்று சோப்பும் துண்டுமாக வந்தால் ஏமாற்றம்தான். இங்கே காலை நனைக்கலாம், முட்டை வேகவைக்கலாம். இந்த இரண்டுக்காகவே வரலாம், அவ்வளவு நன்றாக இருக்கிறது.

எரிமலை இல்லாத தீவில் வெந்நீர் எப்படி? மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறித் திரும்பி வருகிறது. ஊற்றில் சுமார் 70 டிகிரி செல்சியஸ். படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் ஓடி ஆறி, கடைசிப் படிக்கு வரும்போது ஏறக்குறைய 40. பலர் மேல்படியிலேயே காலை விட்டுவிட்டு அலறுகிறார்கள். கீழ்ப்படியில் இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு படியாக ஏறுங்கள். மொத்தம் 15 நிமிடம் போதும்.

சர்க்கரை நோயாளிகளை அழைத்துவருபவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். பாதத்தில் உணர்வு மங்கியிருந்தால் சூடு தெரியாது; வீட்டுக்குப் போன பிறகுதான் கொப்புளம் கண்ணில் படும். அவர்கள் கால் வைக்கும் முன், கூட வந்தவர் நீரைத் தொட்டுப் பார்க்கட்டும். பாதத்தில் புண் இருந்தால் வேண்டவே வேண்டாம். குழாயில் வரும் ஊற்று நீர் இன்னும் ஆபத்து: 70 டிகிரி நீர் ஒரு நொடியிலேயே தோலைச் சுட்டுவிடும். வாளியில் பிடித்தால் ஆறவிட்ட பிறகே கால்.

இனி முட்டை. திறந்த வாளியில் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் வழக்கமான தவறு. வாளி நீர் விறுவிறுவென்று ஆறிவிடும். அரைமணி கழித்து உடைத்தால் பாதி பச்சையாக வழியும். இட்லி வைக்கும் ஹாட்பாக்ஸைக் கொண்டுவாருங்கள். முதலில் ஊற்று நீரை ஊற்றிக் கொட்டிப் பாத்திரத்தைச் சூடாக்குங்கள். குளிர்பெட்டியிலிருந்து முன்பே எடுத்துவைத்த முட்டை நான்கு, மேலே இரண்டு விரற்கடை நீர், இறுக மூடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றினால் 30 நிமிடத்தில் மஞ்சள் கரு வெண்ணெய்போல் இறுகியிருக்கும். வெள்ளைக் கரு மட்டும் தளதளவென்றே இருக்கும். அதன் முக்கியப் புரதம் இறுக 80 டிகிரி வேண்டும், எவ்வளவு நேரம் வைத்தாலும் இந்த ஊற்றில் அது நடக்காது.

பழைய செங்கல் கட்டடத்தை இடிக்காமல் விட்டது பெரிய நிறைவு. 1909இல் சீன வணிகர் சியா எங் கியோங்கின் நிலத்தில் கண்டறியப்பட்ட ஊற்று இது. சுற்றியிருந்த குடியிருப்புக்கு ஆயர் பானாஸ் கம்பம் என்றே பெயர். மலாயில் ஆயர் பானாஸ் என்றால் வெந்நீர், கம்பம் என்றால் கிராமம். பிரேசர் அண்ட் நீவ் என்ற குளிர்பான நிறுவனம் இந்த நீரைப் புட்டியில் அடைத்து விற்றது. கம்பம் போய்விட்டது. 2020 ஜனவரியில் தேசியப் பூங்காக் கழகம் இடத்தை 1.1 ஹெக்டராக விரித்துத் திறந்தது.

குறைகளும் உண்டு. நடுப்பகலில் நிழல் போதாது, வார இறுதியில் தொட்டியோரம் இடம் கிடைக்காது, ஈரத் தரையில் வழுக்கும். ஆகவே வார நாளில், காலை எட்டுக்குள். கேன்பரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். உப்பும் மிளகுத்தூளும் வீட்டிலிருந்தே எடுத்துவாருங்கள். முட்டை ஓட்டைப் போட ஒரு பையும்.