முழு மயக்கமா, முள்ளந்தண்டு ஊசியா, நரம்பு ஊசியா?

கிணற்றடிப் பாசியில் வழுக்கி அம்மம்மா விழுந்த அன்று வீட்டில் இரண்டு கட்சி. தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு, சத்திரசிகிச்சைதான் வழி என்றார்கள். "இந்த வயதில் முழுசா மயக்கி, பிறகு எழும்பாட்டி என்ன செய்யிறது? முள்ளந்தண்டில ஊசி போடச் சொல்லு தம்பி" என்றார் மாமா. அம்மம்மாவோ, "அதைப் போட்டா சாகுமட்டும் நாரி நோகும் மோனை, நான் மாட்டன்" என்றார். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வாட்டுக்கு வாட்டு நடக்கிற வழக்குத்தான் இது.

முள்ளந்தண்டு ஊசி இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்க வைக்கும், முழு மயக்கம் தேவையில்லை. முதலில் அம்மம்மாவின் பயம். ஊசி குத்திய இடம் சில நாள் நோகலாம். நிரந்தர நாரிவலிக்கு அந்த ஊசியைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை. தலையிடி வரும் என்று சிலர் சொல்வதில் மட்டும் உண்மை உண்டு. 1898இல் இந்த முறையைத் தொடக்கிய ஜெர்மன் மருத்துவர் அவுகுஸ்ட் பியர், தன் மீதே சோதித்துப் பார்த்துவிட்டு நாள்கணக்கில் தலையிடியோடு படுத்துக் கிடந்தார். இன்றைய மெல்லிய ஊசியில் அது குறைவு, வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. ஆனால் குளோபிடோகிரெல், வார்பரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை குடிப்பவர்களுக்கு இந்த ஊசி ஆபத்தாகலாம். மாத்திரைப் பையை அப்படியே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மாமாவின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிவோடு வந்த, 50 வயதும் அதற்கு மேலுமான 1600 பேரிடம் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ரீகெயின் ஆய்வு 2021இல் வெளியானது. 60 நாளில் இறந்தவர்களையும் நடக்க முடியாமல் போனவர்களையும் சேர்த்துப் பார்த்தால், முள்ளந்தண்டு ஊசி பக்கம் 18.5 வீதம், முழு மயக்கத்தின் பக்கம் 18.0 வீதம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் மனக்குழப்பத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. சரி, சமநிலை. நெஞ்சுச் சளி, இருதய வால்வு, மாத்திரை எல்லாவற்றையும் பார்த்து மயக்க மருந்து டொக்டர் முடிவெடுக்கட்டும். இதற்காகச் சொந்தத்துக்குள் சண்டை பிடிப்பது வீண்.

வீட்டில் ஒருவரும் வாய் திறக்காத மூன்றாவது ஊசியில்தான் எனக்கு அக்கறை. கவட்டுப் பக்கம் நரம்பு ஓடும் இடத்தில் விறைப்பு மருந்தை ஏற்றுவார்கள். இது மட்டும் போதாது, சத்திரசிகிச்சைக்கு மற்ற இரண்டில் ஒன்று வேண்டும். ஆனால் முறிவின் கொடுமை சத்திரசிகிச்சை மேசையிலா இருக்கிறது? வண்டியில் ஏற்றும்போது, எக்ஸ்ரேக்குப் புரட்டும்போது, முள்ளந்தண்டு ஊசிக்கு நிமிர்த்தி இருத்தும்போதுதான் உயிர் போகும். வலி மோர்பினுக்குக் கேட்கும்தான், கூடவே சத்தி, மலச்சிக்கல், அரைமயக்கம். நரம்பு ஊசி போட்டு அரை மணித்தியாலத்துக்குள் அசைக்கும்போது வரும் வலி குறைகிறது, மனக்குழப்பமும் குறைகிறது என்கிறது, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட 2020இன் கொக்ரேன் மீளாய்வு.

இதிலும் இரண்டு வகை. 2018இல் விவரிக்கப்பட்ட பெங் என்ற புது முறை இடுப்பு மூட்டுக்குப் போகும் கிளை நரம்புகளை மட்டும் குறிவைப்பதால் தொடையின் பலம் பெரும்பாலும் தப்பும். ஆனால் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். இடுப்புத் தசையை மூடிய உறைக்கு அடியில் மருந்தை ஏற்றும் பழைய 'பாசியா இலியாக்கா' முறையில் தொடை கொஞ்சம் சோரும். தேவைப்பட்டால் ஸ்கான் இல்லாமலும், ஊசி தோலுக்கடியில் உறைகளைத் துளைக்கையில் இரண்டு தரம் 'டப்' என்று விடுவதைக் கை உணர்ந்து போடலாம். முறிந்த காலோடு எப்படியும் நடக்கப் போவதில்லை. ஆகவே சிறிய ஆசுபத்திரிக்கு என் வாக்கு பழையதற்கே. மருந்து அளவு கூடினால் வலிப்பு வரலாம், போட்ட பிறகு பக்கத்தில் ஆள் நின்று பார்க்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல். படுக்கைச் சீலையை இழுத்தாலே கத்திய அம்மம்மா, கிளிநொச்சியில் போட்ட நரம்பு ஊசிக்குப் பிறகு அம்புலன்ஸ் ஆனையிறவைத் தாண்டும்போது குறட்டை விட்டார். அங்கே முள்ளந்தண்டு ஊசிதான் போட்டார்கள். தான் சொன்னதுதான் வென்றது என்று மாமா இன்றைக்கும் ஊருக்குச் சொல்லித் திரிகிறார்.