10 எக்ஸ் பாக்கெட் லென்ஸ்: பைன் ஊசி இலை பாக்க இதுவே போதும்

நகைக்கடைல கல்லு பாக்க வச்சிருப்பாங்களே அந்த மடக்கு லென்ஸ்தான், 10 எக்ஸ் ட்ரிப்லெட், அதாவது மூணு கண்ணாடிய ஒட்டி செஞ்சது, பத்து மடங்கு பெருசா காட்டும். நான் வாங்குனது பைன் ஊசி இலைல இருக்கற பூஞ்சைய பாக்க. இங்கிலாந்துல தெட்ஃபோர்ட் காட்டுப் பக்கம் இருக்கேன், இங்க கார்சிகன் பைன் ஏராளம், அதுக்கு டோத்திஸ்ட்ரோமானு ஒரு பூஞ்சை நோய் வருது. 1954ல டார்செட்ல ஒரு நாத்தங்கால்ல மொதல்ல கண்டுபிடிச்சாங்க, ரொம்ப வருஷம் பெருசா ஒண்ணும் இல்ல, 1990கள் கடைசில இருந்து வேகமா பரவி 2007ல அரசாங்கக் காடுகள்ல கார்சிகன் பைன் நடறதையே நிறுத்தி வச்சாங்க.

லென்ஸ்ல அந்த நோய் தெளிவா தெரியுது. இலையோட அடிப்பக்கம் பச்சையாவே இருக்கும், நுனி காஞ்சிருக்கும், நடுவுல செவப்பு வளையம், அந்த வளையத்துக்குள்ள தோலைக் கிழிச்சுட்டு வெளிய வர்ற குட்டி கறுப்பு முடிச்சு. அந்த செவப்பு டோத்திஸ்ட்ரோமின்ங்கற விஷம், நம்ம நிலக்கடலைல பூஞ்சை பிடிச்சா வருமே அஃப்லடாக்சின், அதுக்கு சொந்தக்கார விஷம். ட்ரிப்லெட்டுக்கு காசு குடுக்கறது இதுக்குத்தான், ஒத்தக் கண்ணாடி லென்ஸ்ல ஓரமெல்லாம் கலர் கலரா பிரிஞ்சு தெரியும், அதுல எது வளையத்தோட செவப்புனு எப்படி நம்பறது. எல்இடி லைட் வச்ச மாடலும் இருக்கு, எனக்குப் பிடிக்கல, அந்த நீல வெளிச்சத்துல கலரே மாறிடுது, பகல் வெளிச்சம்தான் சரி.

எனக்கு இதைவிட பிடிச்சது கீழ உதிர்ந்து கெடக்கற ஸ்காட்ஸ் பைன் இலை. பழுப்பு இலைல பளபளனு கறுப்பா நீள்வட்டமா புள்ளிங்க, அதுதான் லோஃபோடெர்மியம் பினாஸ்ட்ரிங்கற பூஞ்சை. கொஞ்ச நேரம் தண்ணில நனைச்சு வச்சா புள்ளிக்கு நடுவுல இருக்கற கீறல் வாய் மாதிரி தொறக்கும், உதடு லேசா செவப்பா இருக்கும். இலைக்குக் குறுக்க மெல்லிசா கறுப்புக் கோடு இருக்கும் பாருங்க, ஒரே இலைக்குள்ள பக்கத்துப் பக்கத்துல வாழற ரெண்டு தனித்தனி பூஞ்சை அவங்கவங்க எடத்துக்குப் போட்டுக்கிட்ட வரப்பு அது!! மொத தடவ பாத்தப்ப நகரவே மனசில்ல.

இந்தப் புள்ளிய பாத்துட்டு மரத்துக்கு நோய்னு பயப்படாதீங்க. இது ஆரோக்கியமான பச்சை இலைக்குள்ளயே சத்தமில்லாம இருக்கும், இலை வயசாகி விழுந்தப்புறம்தான் இந்தப் புள்ளியா வெளிய வரும். கன்னுகளையும் சின்ன மரங்களையும் உண்மையிலேயே அழிக்கறது லோஃபோடெர்மியம் செடிசியோசம், அதுல இந்த கறுப்புக் கோடு அனேகமா இருக்காது, உதடு பச்சையா இருக்கும். 1978ல மின்டர், ஸ்டேலி, மில்லர்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் இதையெல்லாம் தனித்தனி இனமா பிரிச்சு எழுதற வரைக்கும் ரெண்டையும் ஒண்ணாத்தான் நெனச்சிருந்தாங்க.

லென்ஸால முடியாதது என்னன்னா, பச்சை இலைய எவ்வளவு உத்துப் பாத்தாலும் வரிசையா வெள்ளைப் புள்ளிதான் தெரியும், அது இலை மூச்சு விடற துளை. உள்ள இருக்கற பூஞ்சைய பாக்கணும்னா இலையோட வெளிப்பக்கத்த ஆல்கஹால், ப்ளீச் வச்சு சுத்தம் பண்ணி துண்டு போட்டு மால்ட் அகர்ங்கற ஜெல்லில வளக்கணும், அது லேப் வேலை.

20 எக்ஸ் வாங்காதீங்க, பாக்கற வட்டம் சின்னதாகி இருட்டாகிடும், இலைய ஒரு சென்டிமீட்டர் கிட்ட கொண்டு வரணும், காத்துல கை ஆடினா போச்சு. ஆன்லைன்ல சல்லிசா 30 எக்ஸ்னு அகலமான கண்ணாடியோட விக்கறதும் நெஜமா 10 எக்ஸ் பக்கம்தான் வரும். லென்ஸ கண்ணோட ஒட்டி வச்சுக்கிட்டு இலைய கிட்ட கொண்டு வாங்க, இலை மேல லென்ஸ வச்சுட்டு தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது.

வெல பத்து பதினஞ்சு பவுண்டு. மடக்கற எடத்து ஸ்க்ரூ சீக்கிரம் லூஸாகுது, அதுக்கு ஒரு ஸ்டார் கொறைச்சு 5க்கு 4. ஜூன் ஜூலைல செவப்பு வளையம் நல்லா தெரியும், சந்தேகமா இருந்தா லென்ஸ போன் கேமரா முன்னாடி வச்சு போட்டோ எடுத்து மர நோய் பத்தி தகவல் குடுக்கற ட்ரீஅலர்ட் வெப்சைட்ல போடுங்க, அப்புறம் ஷூவ கழுவிட்டு அடுத்த காட்டுக்குப் போங்க.