ஜெர்மனிக்குச் செல்ல விரும்பும் செவிலியருக்குத் திருச்சியில் ஒரு மொழிப் பயிற்சி மையம்: பதினான்கு மாத அனுபவம்

செவிலியர் பணிக்காக ஜெர்மனிக்குச் செல்லத் திட்டமிட்டு, திருச்சியிலுள்ள ஒரு மொழிப் பயிற்சி மையத்தில் ஜெர்மன் மொழியைத் தொடக்க நிலையான ஏ1 முதல் ஏ2, பி1 வழியாக நான்காம் நிலையான பி2 வரை பதினான்கு மாதங்கள் படித்தேன். அங்குள்ள வகுப்பறையைப் பற்றி மனநிறைவோடும், அதே கட்டடத்தின் முதல் மாடியில் இயங்கும் வேலைவாய்ப்புப் பிரிவைப் பற்றி வருத்தத்தோடும் எழுத வேண்டியிருப்பதால், மையத்தின் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன்.

நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். ஷிஃப்ட் வாரந்தோறும் மாறும் வேலையில் இருந்துகொண்டு மொழி படிப்பது எவ்வளவு கடினம் என்பது செவிலியர்களுக்குத் தெரியும். இம்மையத்தில் காலை ஏழு மணிக்கு நடத்தும் பாடத்தையே மாலை ஐந்தரை மணிக்கும் நடத்துகிறார்கள். எந்த நாளில் எந்த வகுப்புக்கு வர முடியுமோ அதில் அமர்ந்துகொள்ளலாம், யாரும் காரணம் கேட்பதில்லை. வேலையை விடாமலே நான் பி2 வரை வந்ததற்கு இந்த ஏற்பாடுதான் முதற்காரணம். நான்கு நிலைகளுக்கும் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் நான்கு தவணைகளில் செலுத்தினேன். தேர்வுக் கட்டணம் தனி.

எங்கள் ஆசிரியை ஜெர்மனியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஆறு ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர். திணையும் பாலும் பொருளை ஒட்டியே அமையும் தமிழில் வளர்ந்த நமக்கு, மாத்திரை பெண்பாலாகவும் கரண்டி ஆண்பாலாகவும் கட்டில் இரண்டிலும் சேராததாகவும் இருக்கும் மொழி தொடக்கத்தில் மலைப்பைத் தருகிறது. ஆசிரியை எந்தப் பெயர்ச்சொல்லையும் அதன் பாலைக் காட்ட முன்னே வரும் டேர், டீ, டாஸ் இல்லாமல் எங்கள் வாயிலிருந்து வர விட்டதில்லை. 'வைல்' என்று தொடங்கும் காரணத் தொடரில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடுவதை ஆங்கில இலக்கணத்தின் வழியே புரிந்துகொள்ள முயன்று தடுமாறியவர்கள், "தமிழில் எப்படி வினையை இறுதியில் வைக்கிறோமோ அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்ன நாளிலேயே அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் 'யூபர்காபெ' எனப்படும் ஷிஃப்ட் ஒப்படைப்பை வகுப்பில் நடத்திக் காட்ட வேண்டும். நோயாளியின் வயது, இரவில் உறங்கினாரா, ரத்த அழுத்தம் எவ்வளவு, எவ்வளவு தண்ணீர் குடித்தார், படுக்கைப் புண் எந்த அளவில் இருக்கிறது என்பதையெல்லாம் ஒருவர் ஜெர்மனில் சொல்ல, மற்றவர் குறிப்பெடுத்துக்கொண்டு சந்தேகம் கேட்க வேண்டும். பாடப்புத்தகத்தில் சுற்றுலாவையும் உணவகத்தையும் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பயிற்சியில்தான் வார்டின் மொழி கிடைத்தது.

அந்நாட்டு வேலையின் தன்மையையும் ஆசிரியை மறைக்கவில்லை. நம் மருத்துவமனைகளில் உறவினரும் ஆயாக்களும் செய்கிற குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், உணவூட்டுதல் ஆகியவை அங்கே செவிலியரின் அன்றாடக் கடமைகள் என்பதையும், இங்கே நாம் பழகிய ரத்தம் எடுத்தல், ஐ.வி. லைன் போடுதல் போன்றவற்றை அங்கே பல மருத்துவமனைகளில் மருத்துவரே செய்வார் என்பதையும் ஏ2 வகுப்பிலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பின் என்னுடன் படித்த இருவர் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதி பிரிட்டனுக்குச் செல்ல முடிவெடுத்து விலகினர். பணம் செலுத்திய மாணவர் விலகக்கூடும் என்று தெரிந்தே உண்மையைச் சொல்லும் ஆசிரியரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

குறை எழுத்துப் பயிற்சியில் இருக்கிறது. ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனத்தின் பி2 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளிலும் தனித்தனியே 100க்கு 60 மதிப்பெண் பெற வேண்டும். எழுத்துப் பகுதியில் 75 நிமிடங்களுக்குள் இணைய மன்றத்துக்கான கருத்துரை ஒன்றும் அலுவல்முறைச் செய்தி ஒன்றும் எழுத வேண்டும். நாங்கள் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாள்கள் பெரும்பாலும் இரண்டு வாரம் கழித்தே திருத்தப்பட்டு வந்தன. சென்னையில் தேர்வெழுதிய நான் மூன்று பகுதிகளில் தேறி, எழுத்தில் 54 பெற்றேன். தவறிய பகுதியை மட்டும் மீண்டும் எழுதலாம் என்பது ஆறுதல்.

இனி மாடியிலுள்ள வேலைவாய்ப்புப் பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டமும் செவிலியர் கவுன்சில் பதிவும் உள்ள என்னிடம், அங்கிருந்த ஆலோசகர் முதலில் பரிந்துரைத்தது 'ஆஸ்பில்டுங்' எனப்படும் மூன்றாண்டுச் செவிலியர் பயிற்சி. 2020 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி அது 2,100 மணி நேர வகுப்பும் 2,500 மணி நேர நடைமுறைப் பயிற்சியும் கொண்டது, பயிலும்போதே மாத ஊதியமும் உண்டு. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அருமையான வழி. ஏற்கெனவே செவிலியராக இருப்பவரோ தம் படிப்புக்கு அங்கீகாரம் கோரலாம். ஜெர்மனியில் அந்தந்த மாநிலத்தின் அதிகாரிகள் நம் பாடத்திட்டத்தையும் பணி அனுபவத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக் குறைகளைப் பட்டியலிட்டு ஆணை தருவார்கள். அதன் பின் அக்குறைகளை ஈடுசெய்யும் தழுவல் பயிற்சியோ அறிவுத் தேர்வோ முடித்தால் முழுச் செவிலியராகலாம். அதுவரை உதவியாளர் நிலையிலும் அதற்குரிய ஊதியத்திலும் வேலை செய்ய வேண்டியிருக்கும். நானாகக் கேட்கும்வரை அங்கீகாரம் என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. கேட்டபோது, "அதற்கு ரொம்ப நாளாகும் மேடம்" என்று மட்டும் சொன்னார். நாளாகும் என்பது உண்மைதான். ஆனால் கற்ற தொழிலை மூன்று ஆண்டுகள் முதலிலிருந்து கற்பதும் நாள்தானே? ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ முடித்த ஒரு தங்கை இரண்டு வழிகளும் இருப்பதை அறியாமலே ஆஸ்பில்டுங் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தாள் என்பது இன்னும் என்னை வருத்துகிறது.

ஒப்பந்தத்தில் மேலும் இரண்டு நிபந்தனைகள் இருந்தன: மூலச் சான்றிதழ்களை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், இடையில் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர்கள் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பெற வேண்டிய பதிவு எண்ணைக் கேட்டேன். வேறொரு நிறுவனத்தின் எண்ணைக் காட்டி, அது தங்கள் கூட்டாளி என்றார்கள். பதிவு பெற்ற முகவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் என்பதை அறிந்திருந்ததால், கையெழுத்திடாமல் இறங்கி வந்துவிட்டேன். செவிலியரிடம் கட்டணம் வாங்காத வழிகளும் இருக்கின்றன: ஜெர்மனியின் வேலைவாய்ப்பு முகமையும் அந்நாட்டின் சர்வதேச ஒத்துழைப்பு நிறுவனமான ஜி.ஐ.இசட்.டும் 2013 முதல் நடத்திவரும் டிரிப்பிள் வின் திட்டத்தில் செலவை வேலை தரும் மருத்துவமனை ஏற்கிறது. வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசு நிறுவனமான நோர்கா ரூட்ஸ் 2021இல் அதற்கான ஒப்பந்தம் செய்துகொண்டது. நம் மாநிலத்தில், 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. தனியாரை நாடுமுன் அதன் அறிவிப்புகளைப் பார்த்துவிடுவது நல்லது.

மொழி கற்பதற்காக இம்மையத்தில் சேரலாம் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் பரிந்துரைக்கிறேன்; வேலைக்கான தாள்கள் எதையும் அவர்களிடம் கொடுக்க வேண்டாம் என்றும் அதே உறுதியோடு சொல்கிறேன். ஒப்பந்தத்தை நான் மறுத்த பிறகும் வகுப்பில் எவ்விதப் பாகுபாடும் காட்டப்படவில்லை. எழுத்துத் தேர்வுக்காக இப்போது வாரம் மூன்று கட்டுரைகள் எழுதுகிறேன். நான் கேட்டுக்கொண்டதால் ஆசிரியை அவற்றை மறுநாளே திருத்தித் தருகிறார்.