ரெஸ்யூம் எழுதித் தரும் சேவை: வடிவம் சரி, வினைச்சொல்தான் உதைக்கிறது

வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், ரெஸ்யூம் எழுதித் தரும் இணையச் சேவை ஒன்றைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தினேன். பழைய ரெஸ்யூமையும் பணி அறிவிப்பையும் அனுப்பினால் ஐந்து நாட்களில் புதியது வந்துவிடும், இரண்டு முறை திருத்தம் கேட்கலாம் என்பது ஏற்பாடு. சொன்ன நாளில் வந்தது.

நான்கு பக்கம் இரண்டாகச் சுருங்கியிருந்தது. அண்மைய வேலை மேலே ஏறியிருந்தது. பிறந்த தேதி, திருமண நிலை, பொழுதுபோக்கு போன்ற, பணிக்குத் தொடர்பில்லாத விவரங்கள் நீக்கப்பட்டிருந்தன. இதுவரை குறையில்லை.

ஆனால், "சரக்கிருப்புக் கணக்கைப் பேரேட்டிலிருந்து எக்செலுக்கு மாற்ற உதவினேன்" என்று நான் எழுதியிருந்த வரி, "சரக்கு மேலாண்மையின் டிஜிட்டல் மாற்றத்துக்குத் தலைமை தாங்கினேன்" என்று வளர்ந்து நின்றது. நான் தலைமை தாங்கவில்லை, மூவரில் ஒருவன். குழுவில் எத்தனை பேர், முடிவெடுத்தது யார் என்று நேர்காணலில் இரண்டு கேள்வி கேட்டாலே சாயம் வெளுத்துவிடும். திருத்தச் சொன்னபோது, எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்று பதில் வந்தது. கடைசியில் நானே எழுதினேன்: "மூவர் குழுவில், 1,400 பொருட்களின் இருப்புக் கணக்கை எக்செலுக்கு மாற்றினேன், மாத இறுதிச் சரிபார்ப்பு 3 நாட்களிலிருந்து ஒரே நாளாகக் குறைந்தது." பின்னர் நேர்காணலில் அதிக நேரம் விசாரித்தது இந்த வரியைப் பற்றித்தான், எல்லாவற்றுக்கும் என்னிடம் விடை இருந்தது.

எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்ததை, மாதங்களை நீக்கி ஆண்டுகளை மட்டும் போட்டு மறைத்திருந்தார்கள். பணிச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும்போது தேதிகள் எப்படியும் வெளிவரும் என்பதால், குடும்பத்தில் ஒருவரின் நோய்ப் பராமரிப்புக்காக விடுபட்ட காலம் என்று ஒரே வரியில் குறிப்பிடச் சொன்னேன். அதை மறுக்காமல் செய்தார்கள்.

வடிவமைப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. பக்கம் செய்தித்தாள் போல இடமும் வலமுமாக இரண்டு பத்திகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு திறனுக்கும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போடப்பட்டிருந்தது (யார் வழங்கிய நட்சத்திரமோ!). பல நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் படிப்பது மென்பொருள்தான். இத்தகைய பத்திகளில் அது தடுமாறக்கூடும். மென்பொருளுக்கு எப்படித் தெரியும் என்று அறிய, முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன்: பழைய நிறுவனத்தின் பெயரோடு என் மொழித்திறன் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒற்றைப் பத்தியாக மாற்றித் தந்தார்கள்.

சுருக்குவதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் கொடுத்த பணம் தகும். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கிறேன். இரண்டு திருத்தங்களும் தீர்ந்த பிறகுதான் என் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டிருந்ததைக் கவனித்தேன். அதை நானே சேர்த்துக்கொண்டேன்.