ஆம்ஸ்டெல்வேன் வாகெனர் ஸ்டேடியம்: ஐந்து நாள் விசாவில் இரண்டு ஹாக்கி ஆட்டம்

எனக்கு ஊர் கோவில்பட்டி, வேலை லண்டனில், கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட். அதனால் ஆம்ஸ்டர்டாமை ஒட்டி இருக்கிற ஒரு ஹாக்கி மைதானத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் விசாவில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கூட வேலை பார்க்கும் இங்கிலாந்துக்காரர் வெள்ளிக்கிழமை மதியம் முடிவெடுத்து சாயங்காலமே ரயில் ஏறிவிடலாம். நான் 2025 ஜூன் மாத ஆட்டத்துக்கு மார்ச்சிலேயே அலைய ஆரம்பித்தேன்.

பார்க்கப் போனது சர்வதேச ஹாக்கி சம்மேளனம் நடத்துகிற எஃப்ஐஎச் ப்ரோ லீக். ஜூன் 7, ஜூன் 9 இரண்டு நாளும் இந்தியாவும் நெதர்லாந்தும் மோதின. நெதர்லாந்து அப்போது ஒலிம்பிக் சாம்பியன், நாம் பாரிஸில் வெண்கலம் வாங்கிய அணி. எட்டாம் தேதி ஞாயிறு, ஒன்பது திங்கள் அங்கே பெந்தெகொஸ்தே விடுமுறை. லண்டனில் விடுமுறை கிடையாது, லீவு போட்டேன்.

விசா மையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஆனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் எந்த நேரம் பார்த்தாலும் அப்பாயின்ட்மென்ட் இல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பன்னிரண்டு நாள் பார்த்து, கடைசியில் யாரோ ரத்து செய்த ஒரு இடம் மாட்டியது. போனால், கொண்டுபோன காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளைக் காட்டி, அதையே திரும்ப பிரின்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். பிரின்ட் எடுக்கத் தனிக் காசு, குறுஞ்செய்தி வரத் தனிக் காசு, பாஸ்போர்ட் வீட்டுக்கு வரத் தனிக் காசு. விசா கட்டணம் 90 யூரோ, அதோடு 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, மூன்று மாத வங்கிக் கணக்கு, கம்பெனிக் கடிதம், பிரிட்டனில் தங்கும் உரிமைக்கான ஷேர் கோடு, எல்லாவற்றுக்கும் மேல் ஆட்ட டிக்கெட். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் ஹாக்கி பார்க்க என்று எழுதினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் அதை இரண்டு தடவை படித்தார். பதினோராம் நாள் பாஸ்போர்ட் வந்தது. ஒரு முறை நுழையலாம், தங்கும் நாட்கள் ஐந்து. ஜூன் 6 முதல் 10 வரை, கேட்டதற்கு மேல் ஒரு நாள் இல்லை. சுற்றுலா விசா ஐந்தே நாளுக்கு வந்துவிட்டதே என்று முதலில் வருத்தம்தான். அப்புறம், இரண்டு ஆட்டமும் அதற்குள் அடங்கிவிடுகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

லண்டனில் இருந்து யூரோஸ்டார் நேராக ஆம்ஸ்டர்டாம் போகிறது, சுமார் நான்கு மணி நேரம். நான் போனபோது, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குள் நுழைகிற முத்திரையை லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனிலேயே பிரெஞ்சுப் போலீஸார் குத்திவிட்டதால் அந்தப் பக்கம் இறங்கியதும் வரிசையில் நிற்கிற வேலை இல்லை. வரிசையில் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்னைப் போன்றவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஸ்டேடியம் இருப்பது ஆம்ஸ்டெல்வேனில், ஆம்ஸ்டர்டாம்ஸ போஸ் என்கிற காட்டின் ஓரத்தில். காடு என்றாலும் மனிதர்கள் நட்டு வளர்த்ததுதான். 1934-ல் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க ஆரம்பித்த திட்டம், சுமார் 1,000 ஹெக்டேர், கடல் மட்டத்துக்கும் கீழே. ஆம்ஸ்டர்டாம் சவுத் ஸ்டேஷனில் இருந்து ட்ராம் பிடித்து இறங்கி அரை மணி நேரம் நடந்தேன். ட்ராமிலேயே தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தது. ஆம்ஸ்டெல்வேனில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. வழி கேட்கத் தேவையே படவில்லை. தோளில் மட்டைப் பையோடு சைக்கிளில் போன பிள்ளைகள் பின்னாலேயே போனால் போதும், பக்கத்துப் பக்கத்து கிளப்புகள், எல்லா மைதானத்திலும் பத்து வயசுக் குழந்தைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கோவில்பட்டியில் மே மாதம் லட்சுமி அம்மாள் கோப்பை நடக்கும்போது கிருஷ்ணா நகர் மைதானத்தைச் சுற்றி இருக்கிற அதே பரபரப்பு. ஐரோப்பாவில் அப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை, கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

ஸ்டேடியம் சின்னது. ஏழாயிரத்துச் சொச்சம் பேர்தான் உட்கார முடியும், ஆனால் இந்த ஆட்டத்துக்கு அதுதான் சரியான அளவு. கால்பந்து மைதானத்தில் ஹாக்கி வைத்தால் பந்து கண்ணிலேயே படாது. இங்கே நான் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் ஏழாவது வரிசை. ஆட்டத்துக்கு முன் டர்ஃபுக்குத் தண்ணீர் அடித்தபோது சாரல் எங்கள் முகத்தில் பட்டது. முதல் ஆட்டத்தில் நமக்கு பெனால்டி கார்னர் கிடைத்தது. டச்சுக்காரர்கள் நாலு பேர் முகமூடி மாட்டிக்கொண்டு கோல் கோட்டில் கீப்பரோடு நின்றார்கள். பந்து உள்ளே தள்ளப்பட்டு, வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டு, ஹர்மன்பிரீத் சிங் குனிந்து அதை மட்டையோடு இழுத்து விடுகிற அந்த ஒரு நொடியை டிவியில் நூறு தடவை பார்த்திருப்பேன். டிவியில் வராதது சத்தம். பந்து கோலின் பின்பலகையில் பட்டு 'டமார்' என்றது, பலகை அதிர்ந்தது உட்கார்ந்திருந்த சிமென்ட் வரை தெரிந்த மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் முன்னால். ஆனால் நெதர்லாந்தின் தைஸ் வான் டாம் இரண்டு கோல் போட்டார், அதில் இரண்டாவது கோல் அன்றைய ஆட்டம் முடிய சில நிமிடமே இருந்தபோது. 2-1 என்று தோற்றோம்.

வெளியே வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். பள்ளிக்கூடத்தில் லெஃப்ட் ஹாஃப் ஆடியவர். மைதானத்தின் பேரைச் சொன்னதும், "ஏய்யா, அந்த கிரவுண்டா? எழுபத்துமூணுல தோத்தோமே, அதா?" என்றார். அதேதான். 1973 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது இங்கேதான். சுர்ஜித் சிங் ஆரம்பத்திலேயே இரண்டு கோல் போட்டும் 2-2 ஆகி, கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்கையும் (கீப்பர் மட்டும் எதிரில் நிற்க ஒருவர் தனியாக அடிப்பது) நாம் தவறவிட்டு, கடைசியில் ஸ்ட்ரோக்கில் 4-2 என்று நெதர்லாந்து ஜெயித்தது. அப்பாவுக்கு அப்போது பதினாலு வயசு, டீக்கடை ரேடியோவில் கேட்டாராம். "அந்த ஸ்ட்ரோக் எந்தப் பக்கத்து கோல்ல அடிச்சாங்கன்னு விசாரிச்சியா?" என்று கேட்டார். விசாரித்தேன், பக்கத்தில் இருந்த பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆட்டம் இன்னும் நெருக்கம், 3-2 தோல்வி, இதிலும் கடைசி நேரத்தில்தான் கோல் வாங்கினோம். இரண்டு நாளும் ஐம்பத்தைந்து நிமிடம் சமமாக ஆடிவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் நழுவவிடுகிற இந்தப் பழக்கம் மனதை அரிக்கிறது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் கம்பத்தில் நின்ற காலத்தில் கடைசி ஐந்து நிமிடம் என்றால் நமக்குத் தெம்பாக இருக்கும். அந்த இடம் இன்னும் நிரம்பவில்லை என்பது என் எண்ணம்.

சாப்பாடு பற்றி ஒரு எச்சரிக்கை. உருண்டை உருண்டையாகப் பொரித்து எல்லோர் கையிலும் இருக்கிற பிட்டர்பாலன் பெரும்பாலும் மாட்டிறைச்சி, தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவலும் சீஸ் வைத்துப் பொரித்த காஸ்சூஃப்லேயும்தான். கார்டு கட்டாயம் வைத்திருங்கள். மழைக் கோட்டும் வேண்டும், கூரை எல்லாப் பக்கத்துக்கும் இல்லை. திங்கட்கிழமை நான் கொண்டுபோன கடலை மிட்டாயைப் பக்கத்து இருக்கை டச்சு அம்மாவுக்குக் கொடுத்தேன். அவர் பேத்தி கோல்கீப்பராம், பாதி மிட்டாயை அவளுக்கென்று துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். நாங்கள் கத்தும்போது அவர்கள் கத்தவில்லை, அவர்கள் கத்தும்போது நாங்கள் கத்தவில்லை, நல்ல ஆட்டத்துக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து கை தட்டினோம்.

மைதானத்துக்கு ஐந்துக்கு ஐந்து தருகிறேன். விசா மையத்துக்கு ஐந்துக்கு ஒன்று, அதுவும் பாஸ்போர்ட் பத்திரமாகத் திரும்பி வந்ததற்காக. விசாவுக்கு ஆன செலவில் பாதிகூட இரண்டு டிக்கெட்டுக்கும் சேர்த்து ஆகவில்லை.

2026 ஆகஸ்டில் உலகக் கோப்பை இதே மைதானத்தில், பெல்ஜியத்தின் வாவ்ருடன் சேர்த்து நடக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அந்த முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். இரண்டு நாட்டிலும் ஆட்டம் பார்ப்பதாக இருந்தால் எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். கேட்கும்போது ஆட்டத் தேதிக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் சேர்த்தே பயணத் திட்டம் போடுங்கள். என் மாதிரி ஒட்டிப் போட்டால் ஒட்டித்தான் கொடுப்பார்கள்.

அப்பாவின் பாஸ்போர்ட் காலாவதியாகி மூன்று வருடம் ஆகிறது. புதுப்பிக்கப் போன வாரம் திருநெல்வேலி போய்விட்டு வந்தார்.