ரேகை தேய்ந்த கைகளுக்கு மாற்று: கருவிழியா, வெள்விழி நரம்பா?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் வலை இழுத்து, ஐஸில் மீன் அள்ளியே பழகிய கைகளில் ரேகை தேய்ந்துவிடும். ரேஷன் கடை மெஷினில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தாலும் விழாது. அடுத்த வழி கண்தான். ஆனால் கண்ணில் எதைப் பார்ப்பது?

விழித்திரையை முதலிலேயே கழித்துவிடலாம். அதிலுள்ள ரத்தக்குழாய்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதை 1935-லேயே சைமன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். துல்லியமானதுதான், ஆனால் கண்ணைக் கருவியோடு ஒட்டி அசையாமல் வைக்க வேண்டும். கண்புரை இருந்தால் அதுவும் சிரமம்.

வெள்விழியில் சிவப்பாக ஓடும் நரம்புகள் (உண்மையில் மெல்லிய ரத்தக்குழாய்கள்) சுவாரசியமான போட்டியாளர். இதைச் செல்போனுக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனம் ஐவெரிஃபை. 2016-ல் சீனாவின் ஆன்ட் ஃபைனான்ஷியல் அதை வாங்கியது. பெரிய வசதி, சாதாரண செல்ஃபி கேமராவே போதும். நம் ஊர்க் கருவிழிகள், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையங்கள், அடர்பழுப்பு. அதிலுள்ள நிறமி வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் செல்ஃபியில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். வெள்ளையில் சிவப்பு அப்படி ஒளியாது.

சரி, கடற்கரையில் இது தாங்குமா? மெட்ராஸ் ஐ வந்தால் வெள்விழி முழுக்கச் சிவந்து, எது பழைய நரம்பு எது வீக்கம் என்றே புரியாது. இரவெல்லாம் கடலில் விழித்துவிட்டு வந்தவர் கண்ணும் கிட்டத்தட்ட அப்படித்தான். வருடக்கணக்கில் வெயிலிலும் காற்றிலும் இருப்பவர்களுக்குக் கண்ணில் சதை வளரும். அது வளரும் இடமே இந்த நரம்புகள் ஓடும் இடம். (முற்றினால் கருவிழியையும் மறைக்கும் என்பது வேறு விஷயம்.)

கருவிழிக்கு அகச்சிவப்புக் கேமரா தனியாக வேண்டும், செலவுதான். ஆனால் கண்புரை கருவிழிக்குப் பின்னால் இருப்பதால் படத்தை மறைக்காது. எல்லாவற்றையும் விட, பெரியவர்களுக்கு ஆதார் எடுத்தபோதே இரண்டு கருவிழிகளும் பதிவாகிவிட்டன. வெள்விழி நரம்புக்கு யாரிடம் பதிவு இருக்கிறது? ஒப்பிட ஒன்றுமில்லாமல் ஸ்கேன் செய்து என்ன பயன்?

அதனால் போன் பூட்டைத் திறக்க வெள்விழி, அரிசி வாங்கக் கருவிழி என்பேன். அப்புறம், கருவிழி மெஷினைக் கடை வாசலில் வைக்காதீர்கள். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, அது கேமராவைக் குழப்பும்; கண்ணும் கூசிச் சுருங்கும். உள்ளே நிழலில் வைத்தால் பாதிச் சண்டை குறையும்.