அதிர்வெண்ணால் திரும்பும் கற்றை: ஒரு பயிற்சி ஆன்டெனாவின் மதிப்பீடு

ஆய்வுக்கூடப் பயிற்சிக்கென விற்கப்படும், 16 பிளவுகள் கொண்ட அலைவழி (ரேடியோ அலையை உள்ளே செலுத்தும் உலோகக் குழாய்) ஆன்டெனா ஒன்றை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்திவருகிறேன். சுழலும் மேடையோ, பிளவுக்கொரு கட்டமாற்றியோ (அலையின் கட்டத்தை, அதாவது ஏற்ற இறக்கச் சுழற்சியில் அது நிற்கும் நிலையை, மாற்றும் கருவி) இல்லாமல், ஊட்டும் சமிக்ஞையின் அதிர்வெண்ணை மாற்றினாலே ஆன்டெனா வீசும் அலைக்கற்றை திரும்பும் என்பதுதான் இதன் விற்பனைப் பேச்சு. அதில் பொய்யில்லை; எவ்வளவு திரும்பும் என்பதை மட்டும் எங்கும் அச்சிடவில்லை.

22.86 மி.மீ. உள்ளகலமுள்ள செவ்வகப் பித்தளைக் குழாயின் அகன்ற முகத்தில், நடுக்கோட்டின் இருபுறமும் மாறி மாறி, 20 மி.மீ. இடைவெளியில் பிளவுகள் வெட்டப்பட்டுள்ளன. ஒரு முனையில் ஊட்டு, மறுமுனையில் மிஞ்சிய ஆற்றலை விழுங்கும் சுமை. அதிர்வெண் உயரும்போது குழாய்க்குள் அலைநீளம் வெளியில் குறைவதைவிட வேகமாகக் குறைவதால், அடுத்தடுத்த பிளவுகளின் கட்ட வேறுபாடு மாறி, கற்றை சுமையின் பக்கமாகச் சாய்கிறது. குழாய்க்குச் செங்குத்தான திசையிலிருந்து 9 கிகாஹெர்ட்ஸில் ஊட்டுப் பக்கம் எட்டரை டிகிரி, 11 கிகாஹெர்ட்ஸில் மறுபக்கம் ஏழு டிகிரி என்று கணக்கு சொன்னதை அளவீடும் ஏறக்குறைய அப்படியே காட்டியது. கற்றையின் அகலமே 5 டிகிரி அளவுக்கு இருக்கையில், 2 கிகாஹெர்ட்ஸ் பட்டையைச் செலவழித்து மூன்று கற்றை அகலம் நகர்வது சிக்கனம் என்று சொல்லமாட்டேன். அமெரிக்கக் கடற்படையின் ஏஎன்/எஸ்பிஎஸ்-48 ரேடார், உயரக் கோணத்தில் கற்றையைத் திருப்ப இதே உத்தியைக் கையாளும்போது ஊட்டுக் குழாயைப் பாம்புபோல் வளைத்துப் பாதையை நீட்டியது இதனால்தான்: பாதை நீண்டால், அதே அதிர்வெண் மாற்றத்துக்குக் கட்டம் கூடுதலாக மாறும். நேர்க்குழாயிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

என் குறை வேறு. 9.96 கிகாஹெர்ட்ஸை நெருங்கும்போது செலுத்திய சமிக்ஞையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கும் நெட்வொர்க் அனலைசரின் திரையில் எதிரொளிப்புக் கோடு ஊசிமுனைபோல் எழும்புகிறது. பிளவு இடைவெளி குழாய் அலைநீளத்தின் சரிபாதியாகும் அந்தப் புள்ளியில், எல்லாப் பிளவுகளின் சிறு எதிரொளிப்புகளும் ஒரே கட்டத்தில் கூடி ஊட்டுக்கே திரும்பிவிடுகின்றன. கற்றை நேர் எதிரே நிற்கவேண்டிய இடமும் அதுவே. தேர்ந்த வடிவமைப்பாளர் இடைவெளியைச் சற்று மாற்றி, அந்தப் புள்ளியை வேலைப் பட்டைக்கு வெளியே தள்ளியிருப்பார். இங்கே அது நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பாடம் நடத்த இது உண்மையில் வசதிதான், கையேட்டில் ஒரு வரி இருந்திருந்தால். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி விற்பனையாளருக்கு எழுதினேன். இணைப்பியை இன்னும் இறுக முடுக்கிப் பார்க்கும்படி பதில் வந்தது.